ஏற்கெனவே உள்ள பழுது

முதல் நாள் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாம்மா, எடது செருப்பு வாரு போவப் போவுது" என்பதுதான். வணக்கம் கிடையாது. பேர் என்ன, ஊர் என்ன என்ற விசாரிப்பு கிடையாது. புது வேலை, புதுப் புடவை, நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் வந்திருந்தேன். குனிந்து பார்த்தேன். வார் நன்றாகவே இருந்தது. "உங்க வேலையைப் பாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மத்தியானம் சாப்பிட இறங்கும்போது படிக்கட்டில் அறுந்தது. அவர் லாரிக்குப் பக்கத்தில் நின்று அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எங்கள் கம்பெனி. வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டி, பெட்டியில் போட்டு, கப்பலில் ஏற்றிவிடுவது தொழில். கல்பாக்கம், அணுபுரம், மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு வரைக்கும் உள்ள இ.சி.ஆர். வில்லாக்கள், எல்லாம் எங்கள் எல்லை. நான் முதலில் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்து இத்தனை கன அடி வரும் என்று மதிப்புப் போடுவேன். பிறகு ஆபீசில் உட்கார்ந்து காகிதங்களை டைப் அடிப்பேன். நடுவில் நடக்கிற நிஜமான வேலைக்கு அவர்தான் சூப்பர்வைசர். நாலு ஆட்களோடு போய் ஒரு வீட்டையே பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவார். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, சட்டைப்பையில் சின்னதாக ஒரு டார்ச். பட்டப்பகலில் டார்ச் அடித்து மேஜையைப் பார்க்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. சாய்த்து அடித்தால்தான் கீறல் தெரியுமாம்.

எங்கள் தொழிலில் ஒரு லிஸ்ட் உண்டு. பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு சாமானையும் எழுத வேண்டும். பக்கத்திலேயே ஒரு கட்டம், "ஏற்கெனவே உள்ள பழுது" என்று. கப்பல் போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியைத் திறக்கும்போது ஒரு நாற்காலிக்குக் கால் இல்லை என்றால், அந்தக் கால் வீட்டிலேயே போனதா, நம் ஆட்கள் ஒடித்ததா, கடலில் போனதா என்று இன்சூரன்ஸ்காரன் கேட்பான். அதற்காகத்தான் இந்தக் கட்டம். வீட்டுக்காரர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற சூப்பர்வைசர்கள் "சிறு கீறல்கள் உண்டு" என்று மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிட்டு அரைமணியில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இவரிடம் அது நடக்காது. இவருக்கு உலகமே அந்தக் கட்டம்தான். அப்படி இவர் எழுதிய ஒரு லிஸ்டில்தான், ஒரு பெண் விமானம் ஏறுவதா வேண்டாமா என்பது வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு முன் இவரைச் சொல்லியாக வேண்டும்.

"டீப்பாய் ஒன்று. வலது பின்கால் ஆட்டம். மேலே டம்ளர் வைத்த வட்டம் மூன்று, ஒன்று புதியது." இப்படித்தான் எழுதுவார். கார்பன் வைத்த நோட்டில், அழுத்தமான தமிழ்க் கையெழுத்தில். அதை இங்கிலீஷில் அடிக்க வேண்டியது என் தலையெழுத்து. ஒரு மூன்று பெட்ரூம் வீடு என்றால் பதினெட்டுப் பக்கம். "வட்டம் புதுசா பழசான்னு எவன்ணா கேட்டான்?" என்று கத்துவேன். "கேக்க மாட்டான்மா. கேட்டா இன்னா சொல்லுவே?" என்பார்.

எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பழுதுக்கும் வீட்டுக்காரரைப் பார்த்து, "இது எப்போ ஆச்சு?" என்று கேட்பார். சொல்கிறதை அப்படியே எழுதிக்கொள்வார். மறுநாள் காலை வேலை தொடங்குமுன் முதல் நாள் எழுதிய அத்தனையையும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். சில வீடுகளில் அது பெரிய பேஜாராகிவிடும். நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய சோபாவை ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ள பலகை வெடிச்சு கீது" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கல்பாக்கத்தில் ஒரு அம்மா, "சாமானைக் கட்ட வந்தியா, குத்தம் சொல்ல வந்தியா?" என்றே கேட்டுவிட்டார். "கட்டத்தான் வந்தேன். அந்த வெடிப்பு எப்போ ஆச்சும்மா?" என்றார் இவர்.

அணுபுரத்தில் ஒரு இன்ஜினியர். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீடு கட்டாமலே காலத்தை ஓட்டிவிட்டவர், மகளோடு இருப்பதற்காக டொராண்டோ கிளம்பினார். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் சொல்லிச் செய்த இரண்டடிப் பிள்ளையார் ஒன்று வைத்திருந்தார். மரப்பெட்டி தனியாகத் தயார். மறுநாள் படிக்கும்போது வந்தது: "கருங்கல் பிள்ளையார் ஒன்று. ஒரு தந்தம் பாதியில் ஒடிந்துள்ளது."

"என்னப்பா இது! பிள்ளையாருக்கு அது அப்படித்தான் இருக்கும். உடைஞ்சது இல்லை" என்று அவர் சிரித்தார்.

"தெரியும் சார். நானும் கும்புடறவன்தான்."

"அப்புறம் ஏன் எழுதுற?"

"அங்க பெட்டியத் தொறக்கறவனுக்குத் தெரியாதே சார். ஒடிஞ்சு கீதுன்னு எழுதுவான். யாரு ஒடிச்சான்னு கேப்பான். எம் பசங்க பேருதான் வரும்." பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "எப்போ ஆச்சுன்னு போடட்டும் சார்?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மிகவும் பழையதுன்னு போட்டுக்கோ" என்றார். இவர் அப்படியே போட்டுக்கொண்டார். நானும் அப்படியே டைப் அடித்தேன்.

கம்பெனியில் ஒரு தடவை எல்லாருக்கும் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். சாமானைப் படம் பிடித்து, "நன்று" அல்லது "பழுது" என்று ஒன்றைத் தொட்டால் போதும். இவர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு முதலாளியின் மேஜையில் போனைக் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டு பொத்தான் பத்தலங்க" என்றார். நோட்டு திரும்பி வந்தது.

சாமானோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். "கண்ணு கீழ கருப்பா கீதே, தூங்கலியா?", "டிரைவருக்கு வலது தோளு எறங்கி கீது", "மொதலாளி இன்னிக்கு வூட்டுல சண்ட போட்டுக்கினு வந்து கீறாரு". எதுவும் தப்பாது. அதுதான் எரிச்சல். அவர் வருகிறார் என்றால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்காருவேன். இரண்டு வருஷம் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

அவர் மகன் கல்யாணத்துக்குத் திருக்கழுக்குன்றம் போயிருந்தபோது அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையனைப் பத்திச் சொல்லுங்க" என்று பெண்ணின் அப்பா ஒப்புக்குக் கேட்டிருக்கிறார். இவர் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டாராம். "முன்பல்லு ரெண்டு கட்டினது, பைக்குல வுழுந்தான். ரெண்டு வருசம் குடிச்சிக்கினு கெடந்தான், இப்ப இல்ல. கோவம் வந்தா சாப்புட மாட்டான். தட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல ஆயிடுச்சிம்மா. பதினஞ்சு நாளு அந்தாளு கூட நான் பேசல" என்றார் அந்த அம்மா.

"அப்புறம் எப்படிக் கல்யாணம்?"

"அந்தப் பொண்ணு கட்னா இவனத்தான் கட்டுவேன்னு நின்னிடுச்சு. இந்தாளு சொன்னதெல்லாம் கேட்டப்பறம்தான் பையனை நிமிந்தே பாத்துச்சாம்."

பக்கத்தில் நின்றவர், "முன்னாடியே சொல்லிட்டா அப்பால க்ளெய்ம் வராது" என்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

இனி அந்த வீடு. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்த வில்லா ஒன்று. கணவர் ஐ.டி.யில் பெரிய வேலை, நியூசிலாந்துக்கு மாற்றல் வாங்கியிருந்தார். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மதிப்புப் போட நான்தான் போனேன். எனக்கு அந்த ஆளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, மறைப்பானேன். மெதுவான குரல். உட்காருங்க மேடம், மோர் சாப்பிடுங்க மேடம் என்று அப்படி ஒரு உபசாரம். எல்லாச் சாமானுக்கும் முழு இன்சூரன்ஸ் வேண்டும் என்றார். அவருடைய ஸ்பீக்கர் செட்டும் வெளிநாட்டு சைக்கிளும் மட்டுமே ஒரு காரின் விலை வரும். மனைவி அதிகம் பேசவில்லை. நான் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்ல நிலையில்" என்று எழுதிக்கொண்டு வந்தேன். இதை எழுதினவள் நான்தான் என்பதை இப்போது சொல்லும்போதும் எனக்குக் கூசுகிறது.

கட்டுகிற வேலை இரண்டு நாள். முதல் நாள் நானும் போனேன், இன்சூரன்ஸ் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கணவரின் அறையில் ஆரம்பித்தார். சைக்கிள், கீறல் இல்லை. ஸ்பீக்கர், கீறல் இல்லை. கேமரா, கீறல் இல்லை. இந்த வாக்கியத்தை அவர் கையெழுத்தில் நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. பிறகு பெட்ரூம், சமையலறை. அங்கேதான் எழுத ஆரம்பித்தார்.

டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் கீழ்மூலையிலிருந்து ஒரு விரிசல். அதன் மேல் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அன்றைக்கு மதிப்புப் போட வந்தபோது அதை நானும் பார்த்தேன், பொட்டை எடுத்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிற பழக்கம் என்றுதான் நினைத்தேன். அவர் டார்ச்சைச் சாய்த்து அடித்து ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் கோடு போவதைப் பார்த்தார். அலமாரிக் கதவில் பள்ளம். டேப் வைத்து அளந்து, "தரையிலிருந்து நாலே முக்கால் அடி" என்று எழுதினார். தையல் மெஷினின் தலை உடைந்து ஒட்டியிருந்தது. குக்கர் நசுங்கி மூடி உட்காரவில்லை. அவள் லேப்டாப்புக்கு ஒரு பக்கக் கீல் இல்லை.

"இது எப்போ ஆச்சும்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் சிரித்தார். "இவளுக்குக் கை நிக்காதுங்க. எதையாவது போட்டு உடைச்சுக்கிட்டே இருப்பா."

"சாமான் யாருதோ அவங்களத்தான் சார் கேக்கணும்" என்று இவர் மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"தெரியலைங்க" என்றாள்.

"தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். அன்றைக்கு இருபத்தி மூன்று சாமான். இருபத்தி மூன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. வெளியே வரும்போது, "அண்ணா, போதும் விடுங்க. அவங்க வீட்டு விஷயம், நமக்கென்ன?" என்றேன். "நமக்கு லிஸ்டும்மா" என்றார்.

இரண்டாம் நாள் கணவர் தன் ஆபீசில் கடைசிக் கையெழுத்துகள் போடப் போயிருந்தார், மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி. நான் சமையலறையில் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னிடம், "வியாழக்கிழமை டிக்கெட்" என்றாள்.

"சந்தோஷம்தானே?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அங்க எனக்கு யாரையும் தெரியாது. வேலை பார்க்க முடியாத விசா. பாஸ்போர்ட்டும் அவர்கிட்டதான் இருக்கு." டீத்தூளைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "போக வேண்டாம்னுதான் தோணுது. போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? அவரைப் பார்த்தா யாராவது நம்புவாங்களா? எங்கம்மாகிட்ட சொன்னேன். உனக்குக் கை நிக்காதுன்னு மாப்பிள்ளை சொல்றாரே, பார்த்துப் பதவிசா நடந்துக்கக் கூடாதான்னாங்க."

நான் படிவத்தின் மேல் குனிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் இதே வீட்டைச் சுற்றி வந்து மோர் குடித்துவிட்டுப் போனவள் நான்.

அவர் வழக்கம்போல முதல் நாள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தார். ஹாலில் கட்டி முடித்த பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ராகம் போடாமல், மளிகைச் சாமான் படிக்கிற மாதிரி. "டிரஸ்ஸிங் டேபிள் ஒன்று. கண்ணாடியில் விரிசல், ஒன்றரை அடி. எப்போது, தெரியவில்லை. அலமாரி ஒன்று. கதவில் பள்ளம். எப்போது, தெரியவில்லை. தையல் மெஷின் ஒன்று. தலை உடைந்து ஒட்டியது. எப்போது, தெரியவில்லை." அவள் டீ டம்ளர்களோடு வந்தவள் நின்றுவிட்டாள். குக்கர், தெரியவில்லை. லேப்டாப், தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆகியிருக்கும். அவள் டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, மறுபடியும் முதல்ல இருந்து படிங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். "டிரஸ்ஸிங் டேபிள் ஒன்று. கண்ணாடியில் விரிசல். எப்போது."

"முதல் கல்யாண நாள் அன்னிக்கு" என்றாள்.

அவர் "தெரியவில்லை"யை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. "அலமாரி ஒன்று. கதவில் பள்ளம். எப்போது."

"என் தம்பி வந்துட்டுப் போன மறுநாள்."

"தையல் மெஷின்."

"வேலைக்குப் போறேன்னு சொன்ன அன்னிக்கு."

"குக்கர்."

"போன தை வெள்ளிக்கிழமை. சாதம் குழைஞ்சிடுச்சு."

இருபத்தி மூன்றும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. யார் உடைத்தது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் நாலு பேரும் டேப்பை ஒட்டாமல், தெர்மோகோலைத் தொடாமல், சுவரோடு நின்றார்கள். எல்லாம் எழுதி முடித்ததும், "டீ ஆறிடுச்சு, வேற போடறேன்" என்று அவள் உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது. அவர் ஒரு பக்கம் தள்ளி நின்று கார்பனை மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குக் கணவர் வந்தார். லாரியில் எல்லாம் ஏறியாகிவிட்டது. வாசலில் எங்கள் ஆட்கள், டிரைவர், காலனி வாட்ச்மேன், நாயைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற எதிர்வீட்டு அம்மா. "எங்க போடணும்?" என்று கணவர் உற்சாகமாகப் பேனா கேட்டார். நான் என் பேனாவைக் கொடுத்தேன்.

"படிச்சிட்டு அப்பால போடலாம் சார்" என்று இவர் ஆரம்பித்தார். சைக்கிள், ஸ்பீக்கர், கேமரா, கீறல் இல்லை, கீறல் இல்லை. கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். "டிரஸ்ஸிங் டேபிள் ஒன்று. கண்ணாடியில் விரிசல். எப்போது, முதல் கல்யாண நாள் அன்று. அலமாரி ஒன்று. கதவில் பள்ளம். எப்போது, தம்பி வந்துவிட்டுப் போன மறுநாள். தையல் மெஷின் ஒன்று. தலை உடைந்து ஒட்டியது. எப்போது, வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று."

"இருங்க, இருங்க. இதெல்லாம் யார் சொன்னது?"

"அம்மா சொன்னாங்க சார்."

"இதை அடிச்சிடுங்க. தேவையில்லாதது."

"அடிச்சா லிஸ்டு செல்லாது சார். பழுது எழுதலன்னா இன்சூரன்சு கெடையாது. இன்சூரன்சே வேணாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, வண்டிய எடுத்துடறேன்." கணவர் லாரியைப் பார்த்தார். இவர் தொடர்ந்து படித்தார். "குக்கர் ஒன்று. நசுங்கி மூடி உட்காரவில்லை. எப்போது..."

"போதும்! படிக்க வேண்டாம். குடுங்க, போடறேன்."

எதிர்வீட்டு அம்மா நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்துவிட்டிருந்தார். கையெழுத்துப் போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று ஆகும். கணவர் லாரி மூக்கின் மேல் நோட்டை வைத்து, பதினாலு பக்கத்திலும் சரசரவென்று போட்டார். அந்த ஸ்பீக்கருக்காகவா, அந்தப் படிப்பை நிறுத்துவதற்காகவா, எனக்குத் தெரியாது.

இவர் கார்பன் காப்பியைக் கிழித்து, அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்தார். "வூட்டுக்காரங்க காப்பி. யாரு வாங்கிக்கறீங்க?" கணவர் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவள் கையை நீட்டினாள்.

வாங்கியவள் அங்கேயே நின்று புரட்டினாள். பிறகு சத்தமாக, வாட்ச்மேன் வரைக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணா, என் பெட்டியெல்லாம் இறக்கிடுங்க. நான் போகலை" என்றாள்.

"என்ன பேசற நீ?" என்று கணவர் ஓரடி முன்னால் வந்தார். எங்கள் ஆட்கள் நாலு பேரும் லாரிப் பின்பக்கம் போக வேண்டியவர்கள், போகவில்லை. அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் வாய் வந்தது. "சார், அவங்க பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்க. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மோர் கொடுத்த ஆளே இல்லை. எதிர்வீட்டு அம்மா, "குடுத்துடுங்க தம்பி" என்றார். கணவர் காருக்குள் இருந்த பையிலிருந்து எடுத்து அவள் காலடியில் போட்டார். அவள் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெட்டிகள் இறங்கின. இறங்கின ஒவ்வொரு நம்பரையும் லிஸ்டில் அடிக்க வேண்டும், அடித்த இடத்திலெல்லாம் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இவர் நோட்டோடு காரருகே போனார். கணவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இவர் திரும்பி வந்து அவளிடம் நோட்டை நீட்டினார். "சார் போட மாட்டாராம். உன் சாமான்தானே, நீ போடும்மா." அவள் பதினேழு இடத்தில் போட்டாள். அவளுக்குச் செங்கல்பட்டில் ஒரு சிநேகிதி இருந்தாள். எங்கள் சின்ன வண்டியை வரவழைத்துப் பெட்டிகளை அங்கே கொண்டுபோய் இறக்கினோம்.

திரும்பி வரும்போது வண்டியில் அவரிடம் கேட்டேன். "தெரிஞ்சுதானேண்ணா அவளை அப்படிக் கேட்டீங்க?"

"நான் எல்லாரையுந்தான் கேக்கறேன்." பையிலிருந்து டார்ச்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். அப்புறம், "நான் செஞ்சது சரிதானாம்மா? நாளைக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்றார். பதில் தெரியாமல் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஒரு மாதம் கழித்து அவளே ஆபீசுக்கு வந்தாள். லிஸ்டுக்குக் கம்பெனி சீல் வேண்டும், வக்கீல் கேட்கிறார் என்றாள். நான் முதலாளியைக் கேட்கவில்லை. பதினாலு பக்கத்தையும் பரப்பி வைத்துச் சீல் குத்த ஆரம்பித்தேன். எங்கள் சூப்பர்வைசர் எதிர் மேஜையில் அடுத்த வேலைக்கு ஸ்டிக்கர் எண் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் தேறியிருந்தாள். ஒரு கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னாள், சிரித்துக்கூடப் பேசினாள்.

"எல்லாம் எழுதிட்டீங்கண்ணா. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "எடது காது. அது பொட்டியில போற சாமான் இல்ல. அதான் எழுதல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. மதிப்புப் போடப் போன அன்று அவளுக்கு இடப்பக்கம் நின்று நான் இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை, திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவரோ அந்த இரண்டு நாளும், கேட்கும்போதும் படிக்கும்போதும் பெட்டிகளைத் தாண்டிச் சுற்றி வந்து, அவளுக்கு வலப்பக்கமாகவே நின்றிருக்கிறார்.